ஒரு மட்டைத்தலை அகலம்

நூற்றிருபது ஆண்கள் ஆடும் கோல்ஃப் போட்டியில் ஒரே ஒரு பெண்ணுக்கு உடை மாற்ற இடம் ஒதுக்குவது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைப் போட்டிக் குழு மூன்று முறை கூடி ஆராய்ந்தது. முதல் கூட்டத்தில் சிக்கல் இருப்பது கண்டறியப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் அது சிக்கல்தான் என்று உறுதி செய்யப்பட்டது. மூன்றாம் கூட்டத்தில், மைதானத்தின் பின்பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரங்களும் உரமூட்டைகளும் கிடந்த கொட்டகையில் ஒரு மூலையைத் துணி கட்டி மறைத்து, 'பெண்கள்' என்று தாளில் எழுதி வாசலில் ஒட்டுவதென ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வாசலில் ஏற்கெனவே 'அபாயம்: பூச்சிமருந்து' என்றொரு பலகை இருந்தது. ஒட்டியவர் இரண்டாம் சொல்லை மட்டும் மறைத்து ஒட்டிவிட்டுப் போனார்.

'அபாயம்: பெண்கள்' என்ற அந்த வாசலுக்குள் பாப்பா இரண்டு நாளும் எந்தக் குறையும் சொல்லாமல் போய்வந்தாள். அவளுக்கு அது புதிய இடமன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மைதானத்தின் புல்லை வெட்டிவரும் அவளுடைய அப்பாவின் கொட்டகை அது. நான்கு வயதில், யாரோ கோபத்தில் முழங்காலில் வைத்து உடைத்தெறிந்த மட்டையின் பாதியை எடுத்து, அந்தக் கொட்டகைக்குப் பின்னால்தான் அவள் பந்தடிக்கத் தொடங்கினாள். இப்போது பதினாறு வயது. அப்பாவைவிட அரையடி உயரம். பெண்கள் போட்டிகளில் மூன்று ஆண்டுகளாக அவளை யாரும் வென்றதில்லை. ஆனாலும் மைதானத்தில் அவள் பெயர் இன்னும் பாப்பாதான்.

தொழில்முறை ஆண்கள் போட்டிக்கு அவளை அழைத்தது திறமையைப் பாராட்டித்தான் என்று செயலாளர் எல்லாரிடமும் சொன்னார். பார்வையாளர் வரிசைகள் ஐந்து ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்ததற்கும் அந்தப் பாராட்டுக்கும் தொடர்பே இல்லை என்றும், யாரும் கேட்காமலேயே, சொன்னார். இதைக் கேட்டு நாற்பத்தோர் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து, 'ஆட்டத்தின் மாண்பைக் காக்க வேண்டி' என்று தொடங்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள். மாண்பு எந்த அளவுக்கு ஆட்டம் கண்டிருந்தது என்றால், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாலே சரிந்துவிடும் போலிருந்தது. அழைப்பைத் திரும்பப் பெற முடியாத குழு, மனுவுக்கும் மரியாதை செய்ய விரும்பியது. புல்லின் போக்கை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று அஞ்சி, போட்டி முடியும்வரை அப்பா இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவிட்டது.

பாப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூன்றாம் நாள் ஆட வேண்டும். முதல் இரண்டு நாள் ஆட்டத்தின் முடிவில், குறைந்த அடிகளில் முடித்த அறுபது பேருக்கு மட்டுமே மூன்றாம் நாள். அறுபதாம் இடத்தில் பலர் சமமாக நின்றால் அத்தனை பேரும் உள்ளே. மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கோப்பை, பட்டம் எதையும் அவள் கனவிலும் கேட்கவில்லை. அறுபதாம் இடத்தின் கடைசி நுனி போதும்.

இரண்டாம் நாள் காலை கொட்டகைக்குள் நுழைந்தவள், தண்ணீர் வாளியில் பெரிய பூங்கொத்து ஒன்று நிற்பதைக் கண்டாள். அதில் ஓர் அட்டை: 'துணிச்சல்மிகு சிறுமியின் முயற்சிக்குப் பாராட்டுகள். சென்று வருக!'

மட்டைப்பையைத் தூக்கிவர வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்த அக்கா, அட்டையை இரண்டு முறை படித்தாள். "அடியே, உனக்கு வழியனுப்பு விழாவே ஏற்பாடாயிருக்கு. நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்காம். ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே பூ வந்தாச்சு. என்ன ஒரு நம்பிக்கை பார்த்தியா?"

அப்பா ஒரு குவளையில் நீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார். "வாடாம பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க. இப்ப எனக்கு இது ஒண்ணுதான் வேலை."

"ஊத்தாம விட்டா என்னப்பா?"

"பூ என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

பாப்பா காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அறுந்துவிடுமோ என்று அக்காவுக்கே பயம் வந்தது.

இருவர் இருவராக ஆடும் அந்தப் போட்டியில் அவளுக்கு வாய்த்த இணை, நாற்பத்தாறு வயதும் பதினொரு கோப்பைகளும் உடைய மூத்த ஆட்டக்காரர். அக்கா அவருக்கு 'இலவசம்' என்று பெயர் வைத்திருந்தாள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவரிடமிருந்து ஆலோசனை வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் முதல் குழியிலேயே அவர் பாப்பாவை நிறுத்தி வைத்து ஆட்டத்தின் அடிப்படையை விளக்கினார். "பாரு பாப்பா, இந்த ஆட்டத்துல பக்கத்துல நின்னு பார்க்கிற நடுவர் கிடையாது. என் அடிக்கணக்கை நீ எழுதணும், உன்னோடதை நான் எழுதுவேன். மனசாட்சிதான் நடுவர். ஆம்பளைங்க ஆட்டம்னா அப்படி."

பன்னிரண்டு ஆண்டுகளாக அதே ஆட்டத்தை ஆடிவரும் பாப்பா, "சரிங்க சார்" என்றாள்.

அவர் முதல் அடியில் முந்நூறு கெஜம் அனுப்புவார். அவள் உடம்பிலுள்ள பலம் முழுவதையும் திரட்டி அடித்தாலும் இருநூற்று நாற்பத்தைந்தைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு குழியிலும் அவள் பின்னால் நின்று, நீண்ட மட்டையால் மறுபடியும் உயிரைக் கொடுத்து அடிக்க, அவர் முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு சின்ன மட்டையை எடுத்துப் பூப்பறிப்பது போல் ஒரு தட்டுத் தட்டுவார். அவருக்கு நடையாக இருந்த தூரம் அவளுக்கு மூச்சிரைப்பாக இருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கையுறை ஒட்டிக்கொண்டது. குழிக்கு அருகில் வந்தபின் உருட்டும் பந்துகளில்தான் அவள் இழந்ததையெல்லாம் மீட்டாள். ஒவ்வொன்றும் குழியில் விழும்போது, "அதிர்ஷ்டம்! ஆனா அடிக்கறப்ப தோளைத் திருப்பித் திறக்கிற, பாப்பா" என்று அவர் அன்போடு எச்சரித்தார். அவளுடைய அதிர்ஷ்டம் இரண்டு நாளில் இருபத்தாறு முறை வந்து போயிற்று.

இப்படியே இரண்டாம் நாளின் கடைசிக் குழிக்கு வந்து சேர்ந்தார்கள். களத்தில் எஞ்சியிருந்த இணை அவர்கள் மட்டுமே. ஆகவே ஓரத்திலிருந்த பெரிய அடிக்கணக்குப் பலகை எதையும் ஒளிக்கவில்லை. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி அது. மூத்தவர் நான்கில் முடித்தால் சரியாக அறுபதாவது ஆளாக உள்ளே போவார். பாப்பா மூன்றில் முடித்தால் அவளும் உள்ளே. நான்கென்றால் ஓர் அடி வெளியே.

அவள் இரண்டே அடியில் குழியிலிருந்து பன்னிரண்டடி தூரத்துக்கு வந்துவிட்டாள். மூத்தவரோ மணற்குழியில் விழுந்தெழுந்து, மூன்றாம் அடியில் ஆறடி தூரத்துக்கு வந்து, பந்திருந்த இடத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் பந்தைக் கையிலெடுத்திருந்தார். பாப்பா முழங்காலிட்டுத் தன் பந்தின் பாதையைப் பார்த்தாள். வழியில் நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்புப் புல். அதன்மேல் அவருடைய நாணயம்.

"சார், உங்க காசு என் வழியில இருக்கு. கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?"

"தாராளமா." தம் மட்டையின் தலையைக் கிடையாக வைத்து, அந்த ஒரு மட்டைத்தலை அகலத்துக்கு நாணயத்தை இடப்பக்கம் தள்ளி வைத்தார். இது எல்லாரும் செய்வது. அவள் அடித்தபின், அதே அளவு திருப்பி வைத்துவிட்டுத்தான் அவர் ஆட வேண்டும். மறந்தால் தண்டனையாக இரண்டு அடி கூடும். "தோளை மட்டும் பார்த்துக்கோ பாப்பா, தோள்தான் உன் எதிரி."

பந்து பன்னிரண்டடியும் நூல் பிடித்தாற்போல் ஓடி, குழியின் விளிம்பில் ஒரு விரலளவு எஞ்சியிருக்க நின்றுவிட்டது. கூட்டம் 'அடடா' என்றது. அவள் போய் அதைத் தள்ளிவிட்டாள். நான்கு.

"பார்த்தியா? சொன்னேன்ல?" மூத்தவரின் முகத்தில் உண்மையான இரக்கம் பொங்கியது. இப்படியொரு பாடத்துக்கு இவ்வளவு பொருத்தமான நேரம் மறுபடி வாய்க்குமா? குனிந்து பந்தை வைக்கும்போதும், நாணயத்தை எடுத்துப் பையில் போடும்போதும் விளக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. "தோள் திறந்தா மணிக்கட்டு தளரும். மணிக்கட்டு தளர்ந்தா பந்துக்கு வேகம் பத்தாது. அவ்வளவுதான் விஷயம்." ஒரு தட்டுத் தட்டினார். பந்து குழியில் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

பாப்பா பழுப்புப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அதன்மேலிருந்து புறப்படவில்லை. அதற்கு இடப்பக்கம், ஒரு மட்டைத்தலை அகலம் தள்ளிப் புறப்பட்டிருந்தது.

கணக்குச் சீட்டு ஒப்படைக்கும் அறைக்கு நடக்கும்போது அக்கா தங்கையின் தோளில் கைபோட்டாள். "விடுடி. ஒரு அடிதானே. ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"அக்கா, அவர் காசைத் திருப்பி வைக்கல."

"எந்தக் காசை?"

"நகர்த்தின காசை. அங்கிருந்தே அடிச்சிட்டார். சொன்னா ரெண்டு அடி ஏறும். அவர் வெளிய, நான் உள்ள."

அக்கா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள். பிறகு, "அப்ப சொல்லு!" என்றாள்.

"இடத்தைப் பிடிக்கத்தான் சொன்னேன்னு சொல்வாங்க. ஆயுசுக்கும் சொல்வாங்க."

"சொல்லாம விட்டா?"

"நாலுன்னு எழுதி நான் கையெழுத்துப் போடணும். தெரிஞ்சே."

"உன்னைப் பத்தி இங்க ஏற்கெனவே என்ன நல்லதா பேசறாங்க, கெட்டுப்போறதுக்கு?"

அறை சிறியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நூல் கட்டிய பேனா. பாப்பா உட்கார்ந்து, அவருடைய சீட்டின் கடைசிக் கட்டத்தில் ஆறு என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள். மூத்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாப்பா, நாலுக்குப் பதிலா ஆறு? படிப்புல கணக்குக் கொஞ்சம் வீக்கோ?"

"நீங்க காசைப் பழைய இடத்துல வைக்கல சார்."

வாசலில் நின்றிருந்த செயலாளர் உள்ளே விரைந்தார். "சின்னப் பொண்ணு சார், தோத்த வருத்தத்துல ஏதோ… பாப்பா, ஆறு மணிக்கு உனக்கு மேடையில மரியாதை இருக்கும்மா. அதைக் கெடுத்துக்காத."

சீட்டு வாங்கும் அலுவலர் இருவரையும் பொருட்படுத்தவில்லை. "ஐயா, நகர்த்தின காசைத் திருப்பி வெச்சீங்களா?"

"வெச்சேனே! குனிஞ்சேன், பந்தை… தோள் திறந்தா மணிக்கட்டு தளரும்னு சொல்லிட்டிருந்தேன். அப்புறம்…"

பேச்சை நிறுத்தினார். அந்த அரை நிமிடத்தில் தாம் வழங்கிய ஆலோசனை சொல் பிசகாமல் அவர் நினைவில் இருந்தது. நாணயம் மட்டும் எங்குமில்லை.

"'அவ்வளவுதான் விஷயம்'னு முடிச்சிட்டு அடிச்சீங்க சார்" என்று பாப்பா எடுத்துக்கொடுத்தாள்.

'வைத்தேன்' என்று மறுபடி ஒருமுறை உறுதியாகச் சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். பதினொரு கோப்பைக்கு முன்னால் உரக்கொட்டகைப் பெண்ணின் சொல் எடுபடுவதாவது! செயலாளர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். அவர் தலை முன்கூட்டியே ஆடத் தொடங்கியிருந்தது. மூத்தவர் பாப்பாவை நெடுநேரம் பார்த்தார். அவள் கண்ணை விலக்கவில்லை.

"ஆறுன்னே இருக்கட்டும்" என்றார். நூல் கட்டிய பேனாவை இழுத்துக் கையெழுத்திட்டார். இரண்டு நாளில் அவர் பேசிய பேச்சுகளில், ஆலோசனை கலக்காத வாக்கியம் அது ஒன்றே.

அதன்பின் நடந்தது வெறும் கணக்கு. அறுபதாம் இடம் காலியாக, ஓர் அடி வெளியே நின்ற நால்வரும் சமமாக உள்ளே வந்தார்கள். ஒருத்தி பாப்பா. மற்ற மூவரும் மனுவில் கையெழுத்திட்டவர்கள். முதல் கையெழுத்தே அவர்களில் ஒருவருடையதுதான். நன்றி சொன்னால் மாண்புக்குக் கேடு, சொல்லாவிட்டால் மனசாட்சிக்குக் கேடு. நடுவழியாக அவர், அவளுக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குப் பூங்கொத்து வழங்கப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தார்கள். அச்சிட்டதை மாற்றுவது அந்தக் குழுவின் வழக்கமன்று. வெளியேறுபவருக்கு உரியது என்பதால் மூத்தவரை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் கையில் கிடைத்த அட்டையை அப்படியே உரக்கப் படித்தார்: "துணிச்சல்மிகு சிறுமியின் முயற்சிக்குப் பாராட்டுகள். சென்று வருக!" மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சற்று நேரத்தில், பூங்கொத்தும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். பலகையைப் படித்துத் தயங்கிக் கதவைத் தட்டினார். அப்பா எட்டிப் பார்த்தார். பூவைத்தான் முதலில் பார்த்தார்.

"அதுக்குள்ள வாடிடுச்சா சார்? ரெண்டு வேளையும் ஊத்தினேனே."

"வாடலைங்க. பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

துணித்திரையை விலக்கிக்கொண்டு பாப்பா வந்தாள். கை நிறைய மருந்துக்கட்டு. மூத்தவர் வாயைத் திறந்தார்.

"தோளா சார்?" என்றாள் அக்கா.

அவர் வாயை மூடிக்கொண்டார். பூங்கொத்தை வாளியிலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு நல்லா ஆடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாளின் அச்சிட்ட ஆட்டப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள். முதல் அடி அன்றும் இருநூற்று நாற்பத்தைந்து கெஜத்தைத் தாண்டவில்லை. முடிவில் அவளுக்குக் கிடைத்தது ஐம்பத்தேழாம் இடம். 'சிறுமி பின்தங்கினாள்' என்று மறுநாள் செய்தித்தாள் வருந்தியது. அவளுக்கும் பின்னால் நின்ற ஆறு ஆண்களைப் பற்றி வருந்த அதற்கு இடம் போதவில்லை.

அன்று அவளுக்கு இணையாக வந்தவர், மனுவின் முதல் கையெழுத்துக்காரர். அவருடைய நாணயம் மூன்று குழிகளில் அவள் வழியில் கிடந்தது. மூன்று முறையும் நகர்த்தினார். மூன்று முறையும் அளந்து திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

"திருப்பி வெச்சுட்டேன், பாப்பா. பார்த்துக்கோ!"