பர்மிட் அக்கா கேட்டு வாங்கிய குழி

எங்கள் நிறுவனத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளியிலிருந்து குழாய் இறக்கும் ஆட்கள் வரை எல்லோருக்கும் அவர் பர்மிட் அக்காதான். பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிப்பது எங்கள் தொழில். பொதுத்தெருவில் ஒரு முழம் தோண்டுவதென்றாலும் நகராட்சியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்கி வருவது அக்காவின் வேலை. நான் தள மேற்பார்வையாளன். அவர் தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகுதான் என் ஆட்களின் கடப்பாரை தரையைத் தொடும்.

கேட்பதற்குச் சுலபமான வேலையாகத்தான் தெரியும். எங்கே வெட்டப் போகிறோம், எவ்வளவு ஆழம், எத்தனை நாள், எப்போது மூடுவோம் என்று எழுதி, வரைபடம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடிநீர்க்காரர்கள், மின்சாரக்காரர்கள், தொலைபேசிக்காரர்கள், போக்குவரத்துக் காவலர்கள் என்று ஒவ்வொருவரும் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதித் தர வேண்டும். ஒருவர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்வார். செவ்வாய்க்கிழமை போனால் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருப்பார். நானாக இருந்தால் இரண்டாம் வாரமே யாரையாவது அடித்திருப்பேன். அக்கா குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஒருமுறை வரைபடத்தில் வடக்கு எது என்று குறிக்கவில்லை என்று கவுண்ட்டரில் ஃபைலைத் திருப்பித் தள்ளினார்கள். அக்கா கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, நின்ற இடத்திலேயே அம்புக்குறி போட்டு, "இப்ப வடக்கு வந்துடுச்சு சார்" என்று மறுபடி உள்ளே தள்ளினார்.

அவருடைய வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர். "எங்க வீட்ல பீரோவைத் திறக்கணும்னாக்கூட நாலு பேர்கிட்ட எழுதி வாங்கணும் தம்பி" என்பார் என்னிடம். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தெருவுக்கு விண்ணப்பித்தாலும், அந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை நடந்து பார்ப்பார். கையில் டேப், தோளில் ஃபைல். மேன்ஹோல் மூடிகளை எண்ணுவார். "வரைபடம் சொல்றதைத் தெருவும் சொல்லணும்ல" என்பார். பத்தொன்பது வருடம் இப்படி நடந்தவர் ஒரு தடவைகூடப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை. வேலை தொடங்கும் நேரத்தில் அவர் அடுத்த தெருவின் தாளோடு அடுத்த கவுண்ட்டரில் நிற்பார்.

நான் சொல்ல வந்தது பிரசவ ஆஸ்பத்திரித் தெருவைப் பற்றி. மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் தெரு அது; ஆஸ்பத்திரி அதன் தாழ்ந்த முனையில் இருந்தது. பெரிய மழை வந்தால் போதும், மழைத்தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து, சாக்கடை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பொங்கும். பிள்ளை பெற்ற பெண்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். அங்கே இன்னும் பெரிய குழாயை ஆழமாகப் பதிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் மட்டும் தெருவை மூடிக்கொள்ளலாம். எல்லாத் துறைகளும் ஆட்சேபனை இல்லை என்று எழுதிவிட்டன. நகராட்சிப் பொறியாளரின் கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி.

அதற்கு முந்தின நாள், தூறல் விட்ட பிறகு, அக்கா அந்தத் தெருவில் நடந்திருக்கிறார். தெரு முழுக்க ஈரம். நடுவில் மட்டும், இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு பட்டை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அது நேராகப் போகாமல் லேசாக வளைந்து, ஒரு சந்துக்குள் நுழைந்தது. அக்கா பின்னாலேயே போனார். சந்தின் கோடியில், தார் பூசிப் பாதி மறைந்த ஓர் இரும்புக் கிராதி. குனிந்து காதை வைத்தார். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் எந்த வடிகாலும் இருப்பதாக வரைபடத்தில் இல்லை.

நேரே நகராட்சியின் ஆவண அறைக்குப் போய், பழைய சுருள்களை ஒவ்வொன்றாக விரித்திருக்கிறார். ஒன்றில் அந்தத் தெருவின் நடுவே, அதே வளைவோடு, மங்கலான புள்ளிக்கோடு. பெயர் இல்லை, ஆழம் இல்லை.

"அது செத்துப்போன கோடும்மா. அடுத்த வரைபடத்துலயே எடுத்துட்டாங்க" என்றார் ஆவணக் காப்பாளர்.

"செத்தது சத்தம் போடுமா சார்?" என்று கேட்டார் அக்கா.

மறுநாள் கடைசிக் கையெழுத்துக்குப் போன விண்ணப்பத்தில் அக்கா தானாகவே ஒரு பத்தி சேர்த்திருந்தார். இயந்திரம் இறங்கும் முன் தெரு நடுவில் கையால் ஒரு சோதனைக் குழி தோண்ட அனுமதி வேண்டும் என்று. முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"எல்லாரும் சரின்னு எழுதிக் கொடுத்தாச்சு. இருக்கறதே அஞ்சு நாள். தாலி கட்டற நேரத்துல ஜாதகம் பாக்கறியாம்மா?"

"ஒரு நாள் போகும் முதலாளி. போகட்டும். எனக்கு மனசு ஒப்பல."

"உன் மனசுக்கு எந்தத் துறையில 'ஆட்சேபனை இல்லை'ன்னு எழுதி வாங்கறது?"

அக்கா ஃபைலோடு பொறியாளரிடம் போனார். பொறியாளர் இளவயதுக்காரர், சிரித்துப் பேசிப் பார்த்தறியோம். அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். "ஒரே ஒரு நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மூடிடணும். நானும் வருவேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் முறையாக அக்கா வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். காலை எட்டு மணி. இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தார், ஜல்லி, அதற்குக் கீழே இன்னொரு தார், அதற்கும் கீழே செம்மண். பதினோரு மணி வரை மண்தான். முதலாளி கைக்கடிகாரத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உள்ளுக்குள் அக்காவுக்காகச் சங்கடப்பட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் போன பிறகு, கடப்பாரை 'ணங்' என்றது.

மண்ணைக் கையால் தள்ளினோம். செங்கல். அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் செங்குத்தாக நின்று, இரண்டு பக்கமும் முதுகு போல வளைந்து இறங்கின. பக்கங்களைத் தோண்டத் தோண்ட வளைவு அகன்றுகொண்டே போனது. பொறியாளர் தானே குழிக்குள் இறங்கி, உச்சியில் ஒரேயொரு செங்கல்லை உளியால் பெயர்க்கச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று; அந்தக் காரை அப்படி ஓர் உறுதி. துளைக்குள் கருவியை விட்டு விஷக்காற்று இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். முகத்தைத் துளையில் வைத்துப் பார்த்தார்.

வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அப்புறம் மேலே நிமிர்ந்து, "அம்மா, நீங்க பாக்கணும்" என்றார்.

அக்காவுக்கு இடுப்பில் பெல்ட் மாட்டி ஏணியில் இறக்கினோம். பலகைமேல் குப்புறப் படுத்து, துளையில் முகம் வைத்தார். நான் அவருடைய பெல்ட்டைப் பிடித்திருந்தேன். மூச்சு நின்றுவிட்டதோ என்று பயப்படும் அளவுக்கு அசையாமல் கிடந்தார்.

"என்னக்கா தெரியுது?"

"தம்பி, பெரிய கூடம் மாதிரி இருக்குடா" என்றார் மெதுவாக, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுகிறவரைப் போல. "நடுத்தெருவுக்கு அடியில கூடம். நாம மேல பஸ் விட்டுட்டிருக்கோம்."

பிறகு நானும் பார்த்தேன். ஒரு நெட்டை ஆள் கையை உயர்த்திக்கொண்டு நடக்கலாம். இரண்டு பக்கமும் செங்கல், ஒன்றுகூட நகராமல், விளக்கு எட்டும் தூரமெல்லாம் வளைந்து வளைந்து இருட்டுக்குள் போனது. கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர். சாக்கடை இல்லை, தெளிந்த தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. சுவரில் தோள் உயரத்தில் பத்தடிக்கு ஒரு சின்ன மாடம். ஒவ்வொரு மாடத்துக்கு மேலும் கறுப்பாகப் புகைத் தடம். கட்டினவர்கள் விளக்கு வைத்து வேலை பார்த்த இடம். எத்தனை தலைமுறைக்கு முன்போ அணைந்த விளக்கின் கரி, நேற்று வைத்தது போல இருந்தது. முதல் தடவையாக நான் நின்றுகொண்டிருந்த பூமியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இயந்திரம் ஓட்டுகிறவர் குழியின் விளிம்பில் நின்று தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு டன். "நேரா இங்கதானே நிறுத்தச் சொன்னீங்க" என்றார். முதலாளி அக்காவிடம் வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஐந்து மணிக்குள் குழியைப் பத்திரமாக மூடினோம். வேலை நின்றது. அடுத்த மாதங்களில் நகராட்சி ஆட்கள் காற்றுக் குழாயோடு உள்ளே போய் அளந்தார்கள். மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் போகும் மழைநீர் வடிகால் அது. மேலே சாலை உயர உயர, தண்ணீர் இறங்கும் வாய்களையெல்லாம் தார் மூடியிருந்தது. ஆற்றங்கரையில் யாரோ சுவர் எழுப்பி, ஒரு சாண் துளை மட்டும் விட்டிருந்தார்கள். வேறெங்கும் பழுது இல்லை. பெரிய குழாய் பதிக்கவே தேவையில்லை, வாய்களைத் திறந்தால் போதும் என்றார் பொறியாளர்.

திறப்பதற்கு அனுமதி வேண்டுமே! மறுபடி புது வரைபடம், மறுபடி அத்தனை துறைகள், கூடவே ஆற்றுக்கு என்று ஒரு புதுத் துறை. அக்கா ஒன்பது மாதம் அலைந்தார். ஆனால் முன்பு போல இல்லை. எந்தக் கவுண்ட்டரில் நின்றாலும், "சார், நீங்க உள்ள பாத்தீங்களா? நான் பாத்தேன்" என்று தொடங்கிவிடுவார். எழுத்தர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் 'வடிகாலின் தற்போதைய நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் 'நன்று' என்றோ 'பழுது' என்றோ எழுதும் இடம். அக்கா 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதினார். ஒருவரும் திருத்தவில்லை.

வாய்களையெல்லாம் திறந்து, ஆற்றங்கரைச் சுவரையும் இடித்த பிறகு, அடுத்த பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து கொட்டியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கீழ்த்தளத்தில் தரை காய்ந்து கிடந்தது. கட்டில்கள் அதனதன் இடத்தில் இருந்தன. காவலாளி வாசலில் நின்று, கட்டில் தூக்கக் கூப்பிட்டால் போக வேண்டுமே என்று மடித்துவிட்ட கால்சட்டையோடு, மழையை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவை அங்கே காணோம். ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன்; அங்கே இருந்தார், வீட்டுக்காரரோடு ஒரே குடைக்குள். சுவர் இடித்த இடத்தில் பழைய வளைவு முழுசாக வாய் திறந்திருந்தது. அதிலிருந்து தெருக்களின் மழை முழுவதும், இலையும் மண்ணும் ஒற்றைச் செருப்பும் சேர்ந்து, ஆளை உலுக்கும் இரைச்சலோடு ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. குடை ஒரு பக்கம் சாய்ந்து அவர் தோள் நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை பேர் கட்டியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா தலையை அசைத்தார். தெரியாது என்றா, கணக்கே இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. மூன்று பேரும் மழை விடும்வரை அங்கேயே நின்றோம்.