கடைசி வீட்டு சாரை எடுத்தாச்சு

எங்கள் தெரு வாட்ஸப் குரூப்புக்கு நான்தான் அட்மின். யாரும் ஓட்டுப் போட்டு உட்காரவைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் முதல் சத்தம் என் வீட்டு வாசலில்தான் கேட்கும், அந்த ஒரு தகுதிதான். ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் மட்டும் தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வரும். வந்தால் நான் குரூப்பில் "வந்துட்டு" என்று போடுவேன். நின்றால் "நின்னுட்டு". இந்த இரண்டு வார்த்தையில் முப்பது வீடும் ஒரு வருஷம் சண்டை இல்லாமல் ஓடியது.

பிறகு ஒருத்தர் பேரப்பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டார். அவர் போட்டால் நான் போடக் கூடாதா என்று இன்னொருத்தர். பிறந்தநாளுக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனார். அவரைச் சமாதானம் செய்ய அவர் வீட்டுக்கே நான் நடந்தேன். எனக்கு இது தேவையா? அன்றைக்கே சட்டம் போட்டேன். தண்ணீர், கரண்ட், சாவு. இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் குரூப்பில் வரக் கூடாது.

சாவுச் சேதி வந்ததும் என்ன செய்வது என்பதும் தானாகவே ஒரு வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் தெருவில் ஒரு சாவு என்றால் போட்டது போட்டபடி ஓடுவோம். குரூப் வந்த பிறகு கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் போட்டால் முடிந்தது. முப்பது கை விழும், நேரில் போனால் பத்துப் பேர் நிற்பார்கள். நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கை போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைசி வீட்டை வாங்கிக்கொண்டு பம்பாயிலிருந்து ஒருத்தர் வந்தார். பூர்வீகம் இந்தப் பக்கம்தான், நாற்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர். மனைவி தவறிவிட்டார், மகன் அங்கேயே இருக்கிறான். முழுக்கால்சட்டை போட்டு நடக்கிறவர் என்பதால் தெருவே அவரை "சார்" என்றது. எங்கள் பக்கத்தில் சொந்த மனுஷருக்கு அண்ணாச்சி, வெளியாளுக்கு சார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"குரூப்புல என்னையும் சேத்துவிடுங்கம்மா."

"உங்க வீட்டுலதான் போர்வெல் இருக்கே சார், குழாய்த் தண்ணி எதுக்கு?"

"தண்ணிக்கு இல்லம்மா. வந்து மூணு மாசமாச்சு, உள்ள வாங்கன்னு ஒரு வீட்டுலயும் சொல்லல. என் வீட்டுக்கும் ஒருத்தரும் வரல. இவனும் இந்தத் தெருக்காரன்தான்னு யாராவது நினைக்கணும்லா."

பாவமாக இருந்தது. சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒரு ரோஜாப்பூ, கீழே காலை வணக்கம். சட்டத்தை அவருக்குத் தனியாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது. அடுத்த நாள் தாமரை. அதற்கடுத்த நாள் மயில், தோகையை விரித்துக்கொண்டு. பத்து நாளில் ஒரு பூந்தோட்டமும் பாதி மிருகக்காட்சிசாலையும் வந்து சேர்ந்தன. ஒருத்தரும் பதில் போடவில்லை. ஒவ்வொருத்தராகக் குரூப்பின் சத்தத்தை அமர்த்தினார்கள். அது எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. நான் "வந்துட்டு" போட்டேன், பாதித் தெரு பார்க்கவில்லை. தண்ணீர் வந்து நின்றும் போனது. எதிர்வீட்டு மதினி காலிக்குடத்தோடு என் வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, எப்பம் பாத்தாலும் பூவும் மயிலுமால்லா வருது. எரிச்சல்ல சத்தத்தை அமத்திப் போட்டுட்டோம். தண்ணி வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளை என்னன்னு கேக்க மாட்டியளா?"

எனக்குக் கோபம் வந்தால் கை முன்னால் போகும், புத்தி பையத்தான் வரும். போனை எடுத்தேன், அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். தெரு நிம்மதியடையட்டும் என்று ஒரு வரியும் எழுதினேன்: "கடைசி வீட்டு சாரை எடுத்தாச்சு." போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் துணி துவைக்க ஆற்றுக்குப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் முதலில் கேட்கிற கேள்வி, "எப்பம் எடுக்காங்க?" பிணத்தை வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதற்கு எடுப்பது என்றுதான் பேர். இது எனக்குத் தெரியாதது இல்லை, பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. அந்த நேரத்தில் தோன்றவில்லை, வேறென்ன சொல்ல. குரூப்பில் தண்ணீர், கரண்ட், சாவு தவிர எதுவும் வரக் கூடாது என்று சட்டம் போட்டவளும் நான்தான். சார் தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் குரூப் நிறையக் கும்பிடுகிற கை. தண்ணீரைத் தவறவிட்ட பிறகு எல்லாரும் குரூப்பையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆழ்ந்த இரங்கல். நேத்துகூட மயில் போட்டாரே. சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டாங்களே. ஐயோ, தெருவுல ஒருத்தர்கூட இல்லாமலா எடுத்தாங்க?

ஈரத்துணி வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கடைசி வீட்டு வாசலில் தெருவே நின்றது. இந்த முறை கைப் படத்தோடு நிறுத்தாமல் நேரிலேயே வந்திருந்தார்கள். எதிர்வீட்டு மதினி, "காலையிலதான வைதேன், என் வாயில புத்து வைக்க" என்று அழுதுகொண்டிருந்தாள். முதல் வீட்டு அண்ணாச்சி கையில் பெரிய ரோஜாமாலை. உள்ளே சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள் என்ற நினைப்பில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

சார் கதவைத் திறந்தார். முழுக்கால்சட்டை இல்லாமல் இடுப்பில் சாரம் கட்டியிருந்தார். பாதி முகத்தில் சவர நுரை.

முதல் வீட்டு அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "ஏன்வே, உசுரோடயா இருக்கீரு? இருக்கேன்னு குரூப்புல ஒரு வார்த்தை போடப்படாதா வே? மாலை வாங்கிட்டுல்லா வந்திருக்கேன்!"

சார் மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "எப்படிப் போட? என்னையத்தான் எடுத்துட்டாங்களே."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தது மதினிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் உள்ள வாங்க, வெயில்ல நிக்காதிய" என்றார் அவர். வீட்டில் ஆறு டம்ளர்தான் இருந்தது. ஆறு ஆறு பேராகக் காப்பி குடித்தோம். ஒவ்வொருத்தரிடமும் எந்த வீடு, பிள்ளைகள் என்ன செய்யுதாங்க என்று விசாரித்தார். மாலையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சாவுக்கு வாங்கினதைச் சாமிக்குப் போடக் கூடாது என்றார்கள். கடைசியில் முருங்கைமரத்தில் தொங்கியது.

எல்லாரும் போன பிறகு டம்ளர் கழுவ நான் நின்றேன். செய்த காரியத்துக்கு அதையாவது செய்ய வேண்டாமா?

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இப்பமே குரூப்புல சேத்துருதேன். இனிமே பூப் போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"பூவெல்லாம் எதுக்கும்மா" என்றார். ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வீட்டுக்காரி போனப்போ பம்பாயில நானும் பையனும் வண்டிக்காரனும்தான். மூணு பேரு. லிப்டுல இறக்குனோம். பக்கத்து வீட்டுல டிவி ஓடிட்டிருந்துச்சு."

நான் குழாயை மூடினேன்.

"நெசமா எடுக்கும்போதும் நீங்களே குரூப்புல போட்டுருங்கம்மா" என்றார். "இதே மாதிரியே போடுங்க. எல்லாரும் வருதாங்கல்லா."