படத்தில் வராத வாடை

கோத்தா திங்கி ஆற்றங்கரைக் கடைத்தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் சிக்கந்தர் மரைக்காரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஓ, அந்தப் படத்துல வந்தவரா?" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி ஆயுளை இந்த ஊருக்கு அரிசி அளந்தே கழித்த மனிதருக்கு மிஞ்சிய பட்டம் அதுதான்.

நான் அவருக்கு அடுத்த கடைத் தையற்காரன், தங்கராஜு. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளமாகவே இருக்கட்டும். இந்த விஷயத்தில் எவனாவது ஒருவன் பேசத்தான் வேண்டும்.

மரைக்கார் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. மனைவி மீரா பீவி. பிள்ளைகுட்டி கிடையாது. கடையில் உட்கார்ந்தால் ஆள் மகா கறார். ஒரு பிடி கொசுறு கேட்டால்கூட முறைப்பார். ஆனால் நோன்பு மாதம் பிறந்துவிட்டால் போதும், ஆளே மாறிப்போவார். சூரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்துக்குப் பின்புறம் பெரிய தேக்சாவை அடுப்பிலேற்றி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, தேங்காய்ப் பால் ஊற்றித் தாமே கஞ்சி காய்ச்சுவார். அசர் தொழுகை முடிந்ததும் மலாய்க்காரர், சீனக் கூலிகள், தோட்டத்துத் தமிழர்கள் என்று எல்லோரும் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். விபூதி பூசுகிற நானும் தூக்குச் சட்டியோடு நிற்பேன். அகப்பையை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

"எனக்குப் பின்னால துவாக் கேக்க புள்ளையா இருக்கு? என் கையால வாங்கிக் குடிச்சவங்க கேட்டாத்தான் உண்டு. நீயும் உன் சாமிகிட்ட சொல்லி வைய்யி, தங்கராஜு" என்பார். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மனிதர் உள்ளபடியே அதைத்தான் நம்பி இருந்தார்.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த வெள்ளம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆறு ஒரே இரவில் தெருவுக்குள் வந்துவிட்டது. மரைக்கார் அடித்துப் பிடித்துக் கடைச் சாமான்களை மாடிக்கு ஏற்றினார். அந்த அவசரத்தில் அரிசி மூட்டைகளின் மேலேயே மண்ணெண்ணெய்த் தகரங்களையும் அடுக்கிவிட்டார். இரண்டு தகரம் ஒழுகியதை யாரும் கவனிக்கவில்லை.

நல்ல மூட்டைகள் இருந்தவரைக்கும் மரைக்கார், வெள்ளம் ஏறி எட்டிவிட்ட மாடி ஜன்னலில் நின்று, சம்பான் படகில் வந்தவர்களுக்கெல்லாம் அரிசி கொடுத்தார். காசு என்று வாய் திறக்கவில்லை. அடுத்த ஜன்னலில் நின்று இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். மூன்றாம் நாள் நல்ல அரிசி தீர்ந்தது. மிச்சமிருந்தது மண்ணெண்ணெயில் ஊறிய அரிசி. என் ஜன்னல் வரைக்கும் அந்த வாடை குமட்டியது.

அந்த நேரத்தில்தான் மேலாற்று ரப்பர்த் தோட்டத்து அங்கம்மா, இடுப்பில் பிள்ளையோடு ஒரு சம்பானில் வந்து ஜன்னலை ஒட்டி நின்றாள். பசி மயக்கம். எட்டி மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்தாள். மரைக்கார் பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத புள்ள! மண்ணெண்ணெய் கலந்துருக்கு! தின்னா புள்ள செத்துப்போயிரும்!"

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. மறுபடியும் கையை நீட்டினாள். மரைக்கார் ஒரு பிடி அரிசியை அள்ளி அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். அவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். மரைக்கார் அந்த அரிசியைத் தம் பக்கமே உதறினார்.

சரியாக அப்போது ஒரு மோட்டார்ப் படகு தெருவோடு வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் முக்காலியில் படம் பிடிக்கிற பெட்டியை நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றினான், போய்விட்டான். அவன் படகு திரும்பியதற்கு அப்புறம்தான் மீரா பீவி தங்களுக்கென்று வைத்திருந்த கஞ்சிச் சட்டியைக் கொண்டுவந்து அங்கம்மாவின் சம்பானில் இறக்கினார். புருஷன் பெண்டாட்டி இருவரும் அன்றைக்குப் பட்டினி.

நோன்பு பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கையில், ஜோகூர் பாருவிலிருந்து ஒரு கூடாரச் சினிமா எங்கள் ஊருக்கு வந்தது. பெரிய படத்துக்கு முன்னால் 'வெள்ளப் படம்' காட்டுகிறார்கள், நம் ஊரும் வருகிறது என்று தமுக்கடித்தார்கள். ஊரே திரண்டது. ஊமைப்படம்தானே, கதை சொல்வதற்குக் கண்ணையா என்று ஒருவன் திரைக்குப் பக்கத்தில் நின்றான். வெண்கல மணி மாதிரி குரல். வெள்ளத்தன்று அவன் இந்த ஊர்ப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

எங்கள் தெரு திரையில் வந்ததும் ஒரே கைதட்டல். அப்புறம் மரைக்காரின் ஜன்னல் வந்தது. மூட்டைகள் தெரிந்தன. பிள்ளையோடு ஒரு பெண் கை நீட்டுகிறாள், அவர் தட்டிவிடுகிறார். வாயைப் பிளந்து கத்துகிறார். ஒரு பிடி அரிசியை முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அவள் முகம் கோணுகிறது. அவ்வளவுதான். அடுத்து ஏதோ ஒரு பாலம் வந்துவிட்டது.

"பாருங்கய்யா, பாருங்க!" என்று கண்ணையா பிடித்துக்கொண்டான். "மூட்டை மூட்டையா வச்சிக்கிட்டு, பச்சப்புள்ளக்காரிக்கு அரிசியக் காட்டி ஏய்க்கிறான்! அந்தத் தாய் அழுவுறா பாருங்க!"

கூடாரம் கொதித்தது. "த்தூ!" என்றார்கள். துப்பியவர்களில் பாதிப்பேர் அந்த ஜன்னலிலேயே அரிசி வாங்கித் தின்றவர்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து நின்று, "அடப் பாவிகளா, நீங்கதானேடா வாங்கிட்டுப் போனீங்க!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்தவன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். "அன்னிக்குக் குடுத்திருப்பாரு. இன்னொரு நாளு இப்படியும் செஞ்சிருக்காரே! படம் பொய் சொல்லுமா?"

நான் விடவில்லை. மறுநாளே தோட்டத்துக்குப் போய் அங்கம்மாவைப் பிடித்தேன். முந்தின ராத்திரி படம் பார்த்துவிட்டு லயத்துப் பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"கையத் தட்டிவிட்டாருதானே அண்ணே?" என்றாள்.

"தட்டிவிட்டாரு. அப்புறம் கஞ்சி குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தாரு... ஆனா அது படத்துல இல்லியே."

"உன் வயித்துல இருந்துச்சே!"

அவள் தலை குனிந்துகொண்டாள். "நான் அழுவுறேனே அண்ணே, படத்துல. பார்த்தீங்கல்ல?"

"வாடை தாங்காம மூஞ்சியச் சுளிச்ச!"

"அப்படியா?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

அன்று மாலை மரைக்காரும் போய்ப் படத்தைப் பார்த்தார். நான் கூடாரத்து வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர், "படத்துல இருக்கறவன் மோசமான ஆளாத்தான்யா இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நோன்பு நெருங்குகிறதே, கஞ்சிக்கு ஊர் வராமல் போய்விடுமே என்ற கவலை அவரை அரித்தது. மண்ணெண்ணெய் அரிசியில் ஒரு மூட்டை இன்னும் அவரிடம் கிடந்தது. ஒரு பிடி போட்டால் ஈர விறகும் பிடித்துக்கொள்ளும் என்று அடுப்பு மூட்ட வைத்திருந்தார். அதைத் தெருவில் கொண்டுவந்து அவிழ்த்தார்.

"வாங்க, மோந்து பாருங்க! இதைத்தான் அந்தப் புள்ளகிட்டேருந்து புடுங்கினேன். இதையா திங்கக் குடுக்கச் சொல்றீங்க?"

எல்லோரும் வந்து முகர்ந்தார்கள். "அலமாக்!" என்று மூக்கைப் பிடித்தார்கள். தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "இந்த அரிசிய இத்தனை நாளு எதுக்கு வச்சிருக்காரு?" இன்னொருவன், "நோன்பு வருதுல்ல, தேக்சா ஏறப்போவுதுல்ல" என்றான். நாக்கில் நரம்பில்லாத பயல்கள்! விறகுக்கு என்று மரைக்கார் சொன்னார். அரிசியால் அடுப்பு மூட்டுகிற மளிகைக் கடைக்காரனை யார் நம்புவார்கள்? சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

முதல் நோன்பன்று தேக்சா ஏறியது. அவ்வளவு வாசனையாகக் கஞ்சி காய்ச்சி நான் பார்த்ததில்லை. கடைக்கு வந்து இறங்கிய புது மூட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடுப்படியிலேயே பிரித்தார். அசர் முடிந்தது. ஆட்கள் வந்தார்கள், பாத்திரமும் கையில் இருந்தது, ஆனால் எவரும் சாலையைத் தாண்டவில்லை. நான் போய் ஒரு கிண்ணம் வாங்கி எல்லோரும் பார்க்கக் குடித்தேன். "கூட்டாளி குடிக்காம இருப்பானா?" என்றார்கள்.

அப்போது அங்கம்மா பிள்ளையோடு வந்தாள். ஊரே அவளைத்தான் பார்த்தது. அவள் வாங்கிவிட்டால் போதும், மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். "வாம்மா" என்று மரைக்கார் அவளுடைய சட்டி நிறைய ஊற்றினார்.

அவள் சட்டியைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தாள். முகம் சுளித்தது, திரையில் பார்த்த அதே சுளிப்பு. எதை நினைத்தாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சட்டியை அப்படியே தரையில் வைத்தாள்.

"வேணாம் பாய். புள்ளைக்கு ஒத்துக்காது."

எதிர்ச் சாரியில் நின்றவர்கள் திரும்பி நடந்தார்கள்.

மரைக்கார் குனிந்து அந்தச் சட்டியை எடுத்தார். நோன்பு வாய், குடிக்கக் கூடாது, முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். "நல்லா மோந்து பாரு தங்கராஜு. நிசமாவே வருதோ?"

"இஞ்சி வாசந்தான் வருது மரைக்கார். சத்தியமா!"

"நீ என் கூட்டாளி. நீ அப்படித்தான் சொல்லுவ."

தேக்சாவை நாங்கள் இருவருமாக ஆற்றில் கவிழ்த்தோம். மறுநாளிலிருந்து சூராவில் வேறு ஆள் காய்ச்சினார். அதற்கு ஊர் பாத்திரத்தோடு வரிசையில் நின்றது. நான் நிற்கவில்லை.

அதற்கப்புறமும் அவர் பல வருஷம் கடை வைத்திருந்தார். வியாபாரமும் நடந்தது, அரிசியை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்கள். சென்ற மாதம் காலமானார். ஜனாசாவைத் தூக்க ஆள் போதாமல் படகுத்துறையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தோம். துவாவுக்குக் கையேந்தியவர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் போதும். ஓரமாக நின்று நானும் என் சாமியிடம் சொன்னேன்.

மீரா பீவி பிறகு என்னிடம் சொன்னார். வீட்டுச் சோற்றைக்கூட மரைக்கார் ஒவ்வொரு பிடியையும் முகர்ந்துவிட்டுத்தான் இத்தனை வருஷமும் வாயில் போட்டாராம். கடைசி நாள், கண் தெரியாமல் கிடந்தவருக்கு ஒரு கரண்டி கஞ்சியை வாயருகே கொண்டுபோயிருக்கிறார்.

"வாடை வருதா?" என்று மரைக்கார் கேட்டாராம்.

"வரலைங்க. நான் காய்ச்சினதுங்க."

அப்படியும் அவர் வாயைத் திறக்கவில்லை.