மார்க்கே பேசும் என்று நம்பியவர்

தீவின் தெற்கே பெல் ஒம்ப்ர் பக்கத்தில் கரும்பு போட்ட அப்பாவுவை ஊமை என்று நினைத்தவர்களும் உண்டு. வீட்டில் போய்ப் பார்த்தால் அல்லவா தெரியும்! மாட்டிடம் பேசுவார், கரும்பிடம் பேசுவார், மனைவி ருக்மணி அடுப்பு மூட்டும்போது பின்னால் நின்று புகையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். ஆனால் துரை யாராவது எதிரே வந்துவிட்டால் போதும். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றுவிடுவார். என்ன கேட்டாலும் "வி, மிசியே", அதாவது சரி துரை, என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. எஸ்டேட் குடியிருப்பில் பிறந்தவர் அவர். விடிவதற்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது வாய் திறந்தவனுடைய கூலி என்ன ஆகும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். பிற்பாடு எஸ்டேட்டார் ஓரத்திலிருந்த கல்லுக்காட்டைத் துண்டு போட்டு விற்றபோது, கூடப் போனவர்கள் பாதை இல்லை, தண்ணீர் இல்லை என்று துரையிடம் வாதாடினார்கள். அப்பாவு கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடையோரத்துத் துண்டு அவருக்குத்தான் வந்தது. ஆலை வாசலிலும் அதே கதை. எடை குறைகிறது என்று சண்டைக்குப் போனவர்களின் வண்டி பொழுது சாயும்வரை வெயிலில் காயும். அப்பாவு பேசாமல் நிற்பார். முதல் ஆளாக இறக்கிவிட்டு வீடு போய்ச் சேருவார். பேசாமலிருந்தே நிலம் கிடைத்தது, பேசாமலிருந்தே கரும்பு விலை போனது. அந்த மனிதருக்கு வேறு என்னதான் தோன்றும்?

அவருக்கு ஒரே மகன், சொக்கலிங்கம். அப்பாவுக்கு நேர்மாறு, யார் எதிரே வந்தாலும் வாய் ஓயாது என்று ஊர் சொல்லும். கிராமப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெர்னார், மாதா கோயிலுக்குப் போகிற நம்மவர், அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து விடவில்லை. தீவு முழுவதும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளில் நடக்கும் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தேறினால் ரோஸ் ஹில்லில் இருக்கும் பெரிய கல்லூரியில் சம்பளமில்லாமல் படிக்கலாம். பெர்னார் பையனைச் சாயங்காலமும் பிடித்து உட்கார வைத்து எழுத வைத்தார். அந்த வருஷம் அறுவடைக்குக்கூட அப்பாவு மகனைக் கூப்பிடவில்லை. கையில் அரிவாள் பட்டுவிட்டால் எழுத முடியாதே என்ற பயம்.

ஜனவரி மாதம் செய்தி வந்தது. தெற்குப் பக்கத்துப் பிள்ளைகளில் சொக்கலிங்கத்துக்குத்தான் முதல் மார்க். ருக்மணி கோயிலுக்கு ஓடினாள். அப்பாவு கொட்டகைக்குப் போய் மாட்டிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அங்கேதான் அவருக்குத் தோது.

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். எடை போட்டாகிவிட்டது, இனி இறக்குவதுதானே பாக்கி? ஆனால் பெர்னார் வந்து, பையனைக் கல்லூரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், மூன்று துரைமார் அவனைப் பார்க்க வேண்டுமாம் என்றார். எதற்குப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுவுக்கு விளங்கவில்லை. கை கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்போலிருக்கிறது என்று தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தம் அப்பாவைக் கூலிவேலைக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது அப்படித்தான் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

பெர்னார் பையனிடம், நிமிர்ந்து நில், கேட்டதற்கு முழு வாக்கியமாகப் பதில் சொல் என்று பாடம் எடுத்திருந்தார். அது அப்பாவுவுக்குத் தெரியாது. சூயாக்கில் ரயிலேறி ரோஸ் ஹில் போய், கல்லூரி வாசலில் பெர்னார் முன்னால் நடக்க, அப்பாவு மகனை ஓரமாக இழுத்து நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, தம் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி அவன் காதில் போட்டார்.

"உள்ளே போய் வாயத் திறக்காதடா ராசா. தலையக் குனிஞ்சு நில்லு. நீ மார்க் வாங்கியாச்சு, இனிமே அந்த மார்க் பேசும். நீ பேசினா கெடுத்துருவ."

பையன் அப்பாவைப் பார்த்தான், முன்னால் போகும் வாத்தியாரைப் பார்த்தான். உள்ளே போனான்.

அப்பாவு முற்றத்து மாமரத்தடியில் நின்றார். பெர்னாரை மட்டும் உள்ளே ஒரு மூலையில் உட்கார விட்டார்கள். வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. இடம் இன்னொரு பையனுக்குப் போய்விட்டது, அவன் மார்க்கு சொக்கலிங்கத்தைவிடக் குறைவு என்று ஊருக்குச் செய்தி வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். துரைமார் எந்த ஊர் என்று கேட்டார்கள், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார்கள், பெரியவனானால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பையன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். கடைசியில் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு மட்டும், மார்க் பேசும் என்று அப்பா சொன்னார் என்றானாம். துரைமார் சிரித்துவிட்டார்களாம்.

அப்பாவு எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார். அப்படியானால் மார்க்கு எதற்கு? ஒரு அளவுக்கு மேல் மார்க்கு வாங்கினால் கூப்பிடுவார்கள், கூப்பிட்ட பிறகு அதை ஓரமாக வைத்துவிடுவார்கள் என்றார் பெர்னார். ரயில் நிலையத்துக் குமாஸ்தா, இல்லை, பாதி மார்க்கு பாதி பேச்சு என்றார். எஸ்டேட்டில் ஆள் மேய்க்கும் சர்தார் வீரசாமியோ இரண்டும் இல்லை, யார் பிள்ளை என்பது முன்னாலேயே முடிவாகிவிடும், பரீட்சையெல்லாம் கண்துடைப்பு என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். வீரசாமி சொன்னது நிஜமாக இருந்தால் தம்மேல் பழியில்லை. பெர்னார் சொன்னது நிஜமானால் தாமே தம் பிள்ளை வாயில் மண்ணள்ளிப் போட்டவர். எது நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் மாடு தனியாகத்தான் மேய்ந்தது.

ஒரு காலை, யாரிடமும் யோசனை கேட்காமல், மகனைக் கூட்டிக்கொண்டு மறுபடி ரயிலேறினார். பையனைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு, அவன் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்து, கல்லூரிக் காரியதரிசி துரை முன்னால் போய் நின்றார். தொப்பி கக்கத்துக்குப் போனது. ஆனால் இந்தத் தடவை அவர் கீழே பார்க்கவில்லை. தமக்குத் தெரிந்த கிரியோல் பாஷையில், பெயர் கூப்பிடும் வரிசையையும் ஆலை வாசலையும் சொன்னார், தாம் மகன் காதில் போட்டதைச் சொன்னார், தப்பு பையனுடையது இல்லை, அவனை இன்னொரு தரம் கேளுங்கள் என்று சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. வீட்டு அடுப்படியில் பேசுகிற அப்பாவுதான் அன்று துரை முன்னால் பேசினார்.

காரியதரிசி குறுக்கிடாமல் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் என்றால் பையனுக்கு வயது கடந்துவிடும் என்றார். பிறகு, மனதாரத்தான் சொன்னார்:

"நீங்க நல்லாப் பேசறீங்க. உங்க மகன் இதுல பாதி பேசியிருந்தாப் போதும்."

அப்பாவு "வி, மிசியே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அது பாராட்டா, சாட்டையடியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தது. மகன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"என்னாலதான் போச்சுடா," என்றார்.

சொக்கலிங்கம் அழவில்லை. "அவங்க கேட்டது எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும்ப்பா," என்றான்.

"வாத்தியார் பேசச் சொன்னாராமே. அவரு சொன்னதக் கேட்டிருக்கலாமே."

"நீங்க சொன்னீங்களேப்பா," என்றான் பையன், வேறு எப்படி இருக்க முடியும் என்பதுபோல.