அக்காவின் பென்டிரைவில் என் கர்னல் சோதனை

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழைக்கு மன்னிக்கவும்.

நாங்கள் ஆன்லைனில் சேர்ந்து எழுதும் இயங்குதளத்தின் கர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், டிஸ்க்கில் எழுதும் பகுதி சாயங்காலக் கோவை காந்திபுரம் நெரிசல் போலக் கிடந்தது. ஒரே வேலைக்கு மூன்று வழி, மூன்றும் அரைகுறை. அவற்றை ஒன்றாக்கி, இன்று காலை மேசையில் கிடந்த பென்டிரைவில் சோதித்தேன். அந்தச் சோதனை, டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்து எழுதும். "வெற்றி" என்று வந்தது. உடனே "சோதித்தாயிற்று" என்று என் பெயரைப் போட்டுக் குழுவுக்கே மெயில் அனுப்பினேன்.

அக்கா வந்தாள். "ஏன் கண்ணு, இங்க என்ற பென்டிரைவு வெச்சிருந்தனே?"

"அதுல என்னக்கா?"

"என்ற புராஜெக்ட் முழுசும் அதுலதான். லேப்டாப்பு நேத்தே செத்துப்போச்சு. மத்தியானம் காலேஜ்ல வைவா."

"அக்கா, அதை அழிச்சுப்போட்டேன்."

அவள் கத்தவில்லை. "அப்படிங்களா தம்பி? ரொம்பச் சந்தோசமுங்க."

அக்கா என்னிடம் 'ங்க' போட்டால் ஓடிவிட வேண்டும். பென்டிரைவை நீட்டினேன்.

பென்டிரைவை அப்பாவின் கணினியில் செருகினாள். புராஜெக்ட் திறந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

"பயமுறுத்தி விளையாட இதுதான் கெடச்சுதாடா?" என்று தலையில் கொட்டினாள்.

அவள் எழுத்து தப்பியது. என் தலையெழுத்து?

எதுவும் அழியவில்லை என்றால், நான் எழுதிய புரோகிராம் கோடு டிரைவில் எதையுமே எழுதவில்லை. எழுதாமலே "வெற்றி" என்றிருக்கிறது. மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"என் கோடு பொய் சொல்கிறது, அக்கா சாட்சி" என்பதைக் குழுவுக்கு ஆங்கிலத்தில் மரியாதையாக எப்படி எழுதுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.