மாடியிலிருந்து வந்த கண்கள்

தைப்பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை என் மனைவி தொண்டை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாள். மறு பரிசோதனை வரை பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தம்போயில் உள்ள எங்கள் வீட்டில் அவள் மாடியில் படுத்திருப்பாள்; நான் கீழே என் லினக்ஸ் கணினியில் அன்றாடக் குறிப்புகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். கைப்பேசியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவன் நான். அதனால் என்னைக் கூப்பிட, தன் மடிக்கணினியிலிருந்து என் திரைக்கு இரண்டு கண்களை அனுப்புவாள். மவுஸ் அம்பு போகும் பக்கமெல்லாம் பார்வையைத் திருப்பும் பழைய விளையாட்டு நிரல் அது. எழுதிக்கொண்டிருக்கும் வரிகளின் மேல் வெள்ளை விழிகள் வந்து மிதக்கும். மாடி ஏறுவேன்.

இதற்காக, வேறு கணினியிலிருந்து எவர் சன்னல் அனுப்பினாலும் என் திரை ஏற்கும்படி, கணினி எழும்போது ஓடும் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், மழைக்கு நடுவே, இரண்டு ஜோடிக் கண்கள் வந்தன. மேலே போய், எத்தனை ஜோடி அனுப்பினாய் என்று கேட்டேன். அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

பின்னறையில் வாடகைக்கு இருந்தவர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய்க் கணினி வேலை செய்பவர்; அன்று விடுப்பு. எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்துவார். நான் கீழே வந்தபோது சமையலறையில் சிரித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு ஜோடி நான்தாண்ணே. எல்லாருக்கும் தொறந்து போட்டிருக்கீங்க. இந்த வழியா நீங்க தட்டுற எழுத்தெல்லாம் படிச்சிடலாம் லா.”

“படிச்சீங்களா?”

“அலமாக்! நீங்க எழுதுற மழை விவரத்த யாருண்ணே படிப்பா? ஆனா பேங்க் பாஸ்வேர்டையும் அங்கதானே தட்டுறீங்க?”

அன்றே அந்த வரியை நீக்கினேன். திரைக்கென்று ஒரு ரகசியச் சாவி உண்டு; அந்த எண்ணெழுத்துக் கோவை உள்ள கணினி அனுப்புவதை மட்டுமே திரை ஏற்கும். அதை அவள் கணினியில் மட்டும் நகலெடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இடியில் மின்சாரம் போய் வந்தது. கணினியை மறுபடி எழுப்பி உட்கார்ந்தேன். கண்கள் வரவில்லை. தூங்குகிறாள் போலும் என்று மழைச் சத்தத்தில் நானும் கண்ணயர்ந்தேன்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்று மாடிப்படிகளில் உருண்டு வந்து நாற்காலிக் காலில் முட்டியது. மேலே அவள், கைப்பிடியைப் பற்றியபடி. தண்ணீருக்காகக் கண்களை அனுப்பி அனுப்பிச் சலித்திருக்கிறாள். ஒன்றும் வந்து சேரவில்லை. திரை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சாவி புதிதாகும். அவளிடம் இருந்தது பழையது.

தண்ணீர் கொடுத்துவிட்டு, புதிய சாவி பாதுகாப்பான வழியில் அவள் கணினிக்கு மட்டும் தானாகவே போகும்படி தொடக்கக் கோப்பில் எழுதினேன். கணினியை அணைத்து மீண்டும் போட்டேன். கறுப்பில் எழுத்துகள் ஓடின, பிறகு வெளிச்சம். எதையும் தட்டாமல் காத்திருந்தேன். மழை தூறலாகியிருந்தது.

விழிகள் மிதந்து வந்தன. அம்பை மாடிப்படிப் பக்கம் நகர்த்தினேன். அவையும் அங்கே பார்த்தன. படியின் உச்சியில் அவள் நின்றிருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று, டம்ளரைக் கையில் பிடித்தபடி.