பவாரிடம் போகச் சொன்ன செல்வராஜ்

சென்ற ஞாயிறு காலை செல்வராஜின் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து..." என்று தமிழில் தொடங்கியவள், மேலே சொல்ல முடியாமல், "பப்பா நஹீ ரஹே" என்று இந்தியில் முடித்தாள். அப்பா போய்விட்டார். போபோடியில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் சந்து முழுக்க லாரி ஓட்டுநர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மிஸ்திரி, அதாவது மெக்கானிக், என்றுதான் தெரியும்.

ஆகுர்டியில் பழைய டீசல் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு ஷெட்டில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். என்னைவிட ஒன்பது வயது இளையவர், நிதானத்தில் மூத்தவர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பழையதானால், ரேடியேட்டரிலிருந்து வடித்து நாங்கள் சாக்கடையில் ஊற்றுவோம். அவர் மட்டும் கேனில் பிடித்து மூடி வைப்பார். "இது விஷம், ஆனா இனிக்கும்ணே. தெரு நாய் நக்கிட்டுச் செத்துப்போகும்" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பவார் என்ற ஓட்டுநரின் லாரி வந்தது. கூலன்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதில் உள்ளே துரு பிடித்திருந்தது. செல்வராஜ் இன்ஜினை நன்றாக ஆறவிட்டு வடித்தார். தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டு வடித்து, தெளிந்து வரும்வரை நான்கு முறை அலசினார். புதுக் கூலன்ட் ஊற்றும் வேலையை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

"மூடியத் தொறந்தே வச்சு ஓட விடுங்கண்ணே. உள்ள இருக்குற காத்தெல்லாம் குமிழியா வந்து அடங்கட்டும். மட்டம் இறங்கும், மறுபடி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பவார் அவசரப்பட்டார். நானும் அவசரப்பட்டேன். விளிம்புவரை ஊற்றி, உடனே மூடி அனுப்பிவிட்டேன். உள்ளே தங்கிய காற்று கூலன்ட்டை ஓடவிடவில்லை. கடக்வாஸ்லா சாலையில் இன்ஜின் கொதித்தது. பவார் இறங்கி மூடியைத் திருக, ஆவி பீறிட்டு வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

மறுநாள் முதலாளி எங்களை வரிசையாக நிறுத்தி, "கிஸ்னே பரா?" என்று கேட்டார். யார் ஊற்றியது? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மைனே, சேட்" என்றார் செல்வராஜ். நான்தான், முதலாளி. அன்றே அவருக்கு வேலை போனது.

மூன்று நாள் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. "ஏன் தம்பி அப்படிச் சொன்னே?" என்றேன்.

"உங்களுக்கு அம்பத்து மூணு வயசு. இந்த ஷெட்டும் போனா வேற எவன் சேத்துக்குவான்? எனக்குக் கிடைக்கும்ணே." என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "சேட்கிட்ட நீங்க சொல்ல வேணாம். ஆனா பவார்கிட்ட சொல்லணும். வெந்தது அவரு கை. யாரால வெந்துச்சுன்னு அவருக்குத் தெரியணும்ல?"

போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பவார் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. "மிஸ்திரிக்கு வேலை போச்சே, அதற்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று மட்டும் இந்தியில் கேட்டார். அங்கிருந்து நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வராஜ் மறுநாளே ஷெட்டுக்குத் திரும்பினார். என்னை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பிப் போன முதல் நாள், இன்னொரு லாரிக்குக் கூலன்ட் ஊற்ற வேண்டியிருந்தது. செல்வராஜ் புதுக் கேனை என் கையில் கொடுத்துவிட்டு, வேறு வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவரை அறிந்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் நீங்கள் அவருடைய கைத்திறமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். உண்மைதான், அது எனக்கு வாய்க்கவில்லை. என்னிடம் தங்கியிருப்பது வேறு. ஒரு தவறு செய்துவிட்டால், அதனால் அடிபட்டவர் யார் என்று முதலில் தேடுகிறேன். அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போகிறேன்.